வந்த வேலை இன்னும் தொடங்கவில்லை, திரும்பிவிடலாமா?

கேள்வி: இரண்டு ஆண்டு தன்னார்வப் பணிக்காக வெளிநாடு வந்திருக்கிறேன். ஒரு சிறிய ஊரின் சுகாதார அலுவலகத்தில் பதிவேடுகளைக் கணினிக்கு மாற்ற உதவ வேண்டும். வந்து ஏழு வாரம் ஆகிறது. எனக்கென்று ஒரு மேசைகூட இல்லை. மேலதிகாரி பாதி நாள் வெளியூரில் இருக்கிறார். இருக்கும் நாளிலும் "அவசரம் இல்லை, ஓய்வெடுங்கள்" என்கிறார். பக்கத்து வீட்டார் கதவைத் தட்டாமலே உள்ளே வருகிறார்கள். தெருவில் இறங்கினால் எங்கே போகிறாய் என்று எல்லோரும் கேட்கிறார்கள், சிலர் பணமும் கேட்கிறார்கள். தண்ணீரைக் காய்ச்சி, வடிகட்டி, அதற்கு மேல் குளோரின் மாத்திரையும் போடுகிறேன். அப்படியும் இரண்டு முறை வயிற்றுப்போக்கு. இரவில் தூக்கம் இல்லை, தூங்கினால் பயங்கரமான கனவுகள். தினமும் இரண்டு மூன்று மணி நேரம் வீட்டாரோடு வீடியோ அழைப்பில் கழிகிறது. வார இறுதியில் நான்கு மணி நேரம் பேருந்தில் போய், நகரத்தில் இருக்கும் சக தன்னார்வலர்களோடு தங்கிவிட்டு வருகிறேன். ஞாயிறு மாலை திரும்பும்போது அழுகை வருகிறது. நான் இதற்குத் தகுதியில்லாதவளா? திரும்பிவிடலாமா?

பதில்:

அன்புள்ள தோழிக்கு,

திரும்பிவிடலாமா என்ற கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். அதற்கு முன்னால் அந்தக் கனவுகளைப் பற்றிக் கேட்க வேண்டும். நீங்கள் இருப்பது மலேரியா உள்ள பகுதியா? தடுப்பு மாத்திரை சாப்பிடுகிறீர்களா? தினமும் போடுவதா, வாரத்துக்கு ஒரு முறை போடுவதா?

வாரம் ஒரு முறை போடும் மெஃப்லோகுயின் என்ற மாத்திரை சிலருக்குத் தூக்கத்தைக் கெடுக்கும். நிஜம் போலவே இருக்கும் கெட்ட கனவு, காரணமில்லாத பதற்றம், மனச்சோர்வு, தலைசுற்றல் எல்லாம் அதன் பக்கவிளைவுகள். 2013இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதற்குத் தன் எச்சரிக்கைகளிலேயே கடுமையானதைச் சேர்க்கச் சொன்னது. வெளிநாட்டில் தனியாக இருக்கும் தன்னார்வலர்களுக்கு ஆலோசனை சொல்வது என் வேலை. மாத்திரை செய்கிற வேலையைத் தன் மனத்தைரியக் குறைவு என்று எடுத்துக்கொண்டு, மாதக்கணக்கில் தன்னையே திட்டிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். உங்களுடையது அந்த மாத்திரை என்றால் நாளைக்கே உங்கள் அமைப்பின் மருத்துவரிடம் சொல்லுங்கள். டாக்சிசைக்ளின், அட்டோவகோன்-புரோகுவானில் என்று தினமும் சாப்பிடுகிற மாற்றுகள் இருக்கின்றன. உங்கள் உடல்நிலையைப் பார்த்து அவர் மாற்றித் தருவார். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். கனவு போய் மலேரியா வந்து சேர்ந்தால் யாருக்கு லாபம்? மாத்திரை அதுவல்ல, அல்லது மலேரியாவே இல்லாத ஊர் என்றால் இதை விட்டுவிட்டு மேலே படியுங்கள்.

சரி, ஏழு வாரம். கிளம்புவதற்கு முன் நடந்த பயிற்சியில் உங்களுக்கு ஒரு வளைகோடு போட்டுக் காட்டியிருப்பார்கள்: முதலில் எல்லாம் இனிக்கும், பிறகு சரிவு, அப்புறம் மெதுவாக ஏற்றம். அந்தக் கோட்டின் மூலம் லிஸ்கார்ட் என்ற நார்வே சமூகவியலாளர் 1955இல் வெளியிட்ட ஆய்வு. படிப்புக்கும் ஆராய்ச்சிக்குமாக அமெரிக்கா போய்வந்த 200 நார்வேக்காரர்களிடம் அவர் விசாரித்தார். 6 முதல் 18 மாதம் வரை தங்கியவர்கள்தான், அதற்குக் குறைவாகத் தங்கியவர்களையும் கூடுதலாகத் தங்கியவர்களையும்விட அதிகம் சிரமப்பட்டிருந்தார்கள். ஒரே ஆளை மாதாமாதம் பின்தொடர்ந்து போட்ட கோடு அல்ல அது. அப்படிப் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வு ஒன்று 1998இல் வந்தது, நியூசிலாந்துக்குப் படிக்கப் போன ஜப்பானிய மாணவர்களைப் பற்றி. அதில் இனிப்பான தொடக்கத்தையே காணோம். வந்து இறங்கிய புதிதில்தான் அவர்கள் மிகவும் வாடியிருந்தார்கள். ஆகவே எல்லோருக்கும் தொடக்கம் இனித்ததாம், எனக்கு மட்டும் ஏன் இப்படி என்று நினைக்க வேண்டாம். இத்தனையாவது மாதம் தானாகச் சரியாகிவிடும் என்று காலண்டரைப் பார்த்துக் காத்திருக்கவும் வேண்டாம்.

உங்கள் வருத்தத்தின் வேர் வேலையில் இருக்கிறது என்று நினைக்கிறேன். உதவுவதற்கென்றே வந்தவருக்குச் செய்ய ஒன்றும் இல்லை என்றால், தண்ணீர், கதவு, தெருக்காரர்கள் எல்லாமே பெரிய தொல்லையாகத்தான் தெரியும். அமெரிக்காவின் பீஸ் கோர் 1961இலிருந்து தன்னார்வலர்களை அனுப்பி வருகிறது. அதன் வழக்கமான பணிக்காலம் 27 மாதம். அதில் முதல் மூன்று மாதம் ஏறத்தாழ முழுக்கவும் பயிற்சிதான்: மொழி படிப்பது, பெரும்பாலும் ஒரு குடும்பத்தோடு தங்குவது, ஊரில் நடமாடப் பழகுவது. அதற்குப் பிறகுதான் இரண்டு ஆண்டு என்ற கணக்கே தொடங்கும். அந்தக் கணக்கின்படி நீங்கள் இன்னும் பயிற்சியையே முடிக்கவில்லை. உங்கள் அமைப்பு உங்களை நேராக அலுவலகத்தில் இறக்கிவிட்டதால், முதல் நாளிலிருந்தே சாதித்துக் காட்ட வேண்டும் என்ற எண்ணம் உங்களுக்கு வந்துவிட்டது. என் கருத்து இதுதான்: முதல் மூன்று மாதம் உங்கள் வேலை அந்த ஊரில் குடியிருக்கக் கற்றுக்கொள்வது. பதிவேடு அப்புறம்.

மேலதிகாரியின் பக்கமிருந்தும் கொஞ்சம் பாருங்கள். தன்னார்வலர்கள் வந்து போகிற அலுவலகத்தில், வருகிற ஒவ்வொருவருக்கும் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லிக்கொடுக்க வேண்டும். ஒருவர் கணினியில் ஏதோ ஒன்றை உருவாக்கி வைப்பார். அவர் விமானம் ஏறியதும் கடவுச்சொல் தெரியாமல் அது கிடக்கும். அடுத்தவர் வந்து புதிதாக வேறொன்றைத் தொடங்குவார். "அவசரம் இல்லை" என்பதில் விருந்தாளிக்குத் தரும் மரியாதை இருக்கலாம். இந்த ஆள் எத்தனை நாள் தாங்குகிறார் பார்ப்போம் என்ற எச்சரிக்கையும் இருக்கலாம். எதுவாக இருந்தாலும் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். தினமும் ஒரே நேரத்துக்கு அலுவலகம் போய் உட்காருங்கள். மேசை இல்லாவிட்டால் பதிவேடு எழுதுகிறவர் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டுக்கொண்டு, உங்கள் வேலையை எனக்குச் சொல்லிக்கொடுங்கள் என்று கேளுங்கள். அவர் எந்தக் கட்டத்தை நிரப்புகிறார், எதை எப்போதும் வெறுமையாக விடுகிறார், மாதக் கடைசியில் எந்த எண்ணை வேறு தாளுக்கு மாற்றுகிறார், அந்தத் தாள் யாருக்குப் போகிறது, அதை யாராவது படிக்கிறார்களா என்று பாருங்கள். இதெல்லாம் தெரியாமல் கணினியில் ஏற்றும் பதிவேட்டை நீங்கள் கிளம்பியபின் யாரும் திறக்க மாட்டார்கள்.

இப்போதைக்கு மாற்றம் எதையும் பரிந்துரைக்காதீர்கள். "எங்கள் நாட்டில் இதை எப்படிச் செய்வோம் என்றால்" என்று தொடங்கும் பேச்சே வேண்டாம். மேலதிகாரியிடம் வாரத்தில் ஒரு நாள் அரை மணி நேரம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எனக்கு ஏதாவது வேலை கொடுங்கள் என்று கேட்டால் அவருக்குச் சங்கடம். கொடுக்க அவரிடமும் எதுவும் தயாராக இருக்காது. இந்த வாரம் இன்னது கற்றுக்கொண்டேன், அடுத்த வாரம் யாரோடு உட்காரட்டும் என்று கேட்டால் பதில் சொல்வது சுலபம். ஆனால் ஒன்று. சில பணியிடங்கள் காகிதத்தில் மட்டுமே இருக்கும். அமைப்பு கேட்டது, அலுவலகம் தலையாட்டியது, அவ்வளவுதான். மூன்று மாதம் இப்படி ஒழுங்காகப் போய் உட்கார்ந்தும் ஒன்றும் அசையவில்லை என்றால் உங்களை அனுப்பிய அமைப்பின் திட்ட அலுவலரிடம் எழுத்தில் சொல்லுங்கள். பணி விவரத்தை மாற்றுவதும், வேறு அலுவலகத்துக்கு மாற்றுவதும் நடக்கக்கூடியவைதான்.

தண்ணீருக்கு வருவோம். கலாசார அதிர்ச்சி என்பதைப் பலரும் பேசும்படி செய்தவர் கலெர்வோ ஓபர்க் என்ற மானுடவியலாளர். 1960இல் அவர் எழுதிய கட்டுரையில் அறிகுறிகளை வரிசையாகச் சொல்கிறார்: கையை மிதமிஞ்சிக் கழுவுவது, குடிநீர், சாப்பாடு, படுக்கை பற்றி ஓயாமல் கவலைப்படுவது, சின்னத் தாமதத்துக்கும் வெடிப்பது, ஏமாற்றிவிடுவார்களோ என்ற பயம், ஊர் மொழியைக் கற்காமல் தள்ளிப்போடுவது, தன் நாட்டுக்காரர்களையே ஒட்டிக்கொண்டிருப்பது. படித்ததும் உங்களுக்கு எங்கேயாவது உறைத்திருக்கும். உங்கள் கவலை வீண் என்று சொல்லவில்லை; இரண்டு முறை வயிறு கெட்டிருக்கிறதே. கவலையை விதியாக மாற்றிக்கொண்டால் மனம் அதையே சுற்றிக்கொண்டிருக்காது. தண்ணீர் நன்றாகக் கொதித்துப் பொங்கத் தொடங்கியபின் 1 நிமிடம் போதும். கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேலே இருக்கிற ஊர் என்றால் 3 நிமிடம். கலங்கலாக இருந்தால் காய்ச்சும் முன் வடிகட்டுங்கள். ஆறியதை மூடி வைத்து, கையோ குவளையோ உள்ளே விடாமல் சாய்த்து ஊற்றிக்கொள்ளுங்கள். நன்றாகக் காய்ச்சிய தண்ணீருக்குக் குளோரின் மாத்திரை தேவையில்லை. இத்தனை செய்தும் வயிறு கெடுகிறது என்றால் தண்ணீரை விட்டுவிட்டுக் கையையும், சமைத்து வெகுநேரம் திறந்து கிடந்த உணவையும் சந்தேகப்படுங்கள்.

உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் வீட்டில் இருக்கட்டும். இல்லாத நாளில் 1 லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டி 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. ரத்தம் கலந்து போனாலோ காய்ச்சல் சேர்ந்தாலோ மருத்துவரிடம் போக வேண்டும். மலேரியா பகுதியில் காய்ச்சல் வந்தால், தடுப்பு மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தாலும், அன்றைக்கே ரத்தப் பரிசோதனை.

கதவு விஷயம் உங்களைத் தண்ணீரைவிட அதிகம் வாட்டுகிறது என்று கடிதத்தின் தொனியில் தெரிகிறது. தனியாக ஓர் ஆள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தால், பல ஊர்களில் அதற்கு உடம்பு சரியில்லை அல்லது சண்டை என்றுதான் அர்த்தம். அவர்கள் எட்டிப் பார்ப்பது பாதி ஆர்வம், பாதி பொறுப்பு. நீங்கள் கதவைச் சாத்தச் சாத்த அவர்கள் இன்னும் அதிகமாகத் தட்டுவார்கள். இதற்கு நான் எல்லோருக்கும் சொல்லும் வழி ஒன்று உண்டு. தினமும் மாலையில் ஒரு குறிப்பிட்ட நேரம், ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள், வீட்டுக்கு வெளியே வந்து உட்கார்ந்துவிடுங்கள். கையில் போன் வேண்டாம். காய்கறி நறுக்கலாம், துணி தைக்கலாம், சும்மாவும் இருக்கலாம். வருகிறவர்கள் வரட்டும், குழந்தைகள் சுற்றி நிற்கட்டும், கேட்கிற கேள்விக்கெல்லாம் தெரிந்த பத்து வார்த்தையில் பதில் சொல்லுங்கள். உங்களை எப்போது பார்க்கலாம் என்று தெரிந்துவிட்டால் மற்ற நேரத்தில் எட்டிப் பார்க்க வேண்டிய அவசியம் அவர்களுக்குக் குறையும்.

அக்கம்பக்கத்தில் எல்லோரும் பேச்சைக் கேட்கிற ஒரு வயதான பெண்மணி இருப்பார். அவரோடு பழகிக்கொள்ளுங்கள். இரவில் இத்தனை மணிக்கு மேல் எனக்கு ஓய்வு வேண்டும், இதை இங்கே எப்படி மரியாதையாகச் சொல்வது என்று அவரிடமே கேளுங்கள். நீங்கள் சொல்ல வேண்டியதை அவர் சொல்லிவிடுவார். எங்கே போகிறாய் என்ற கேள்விக்கு உங்கள் பயணத் திட்டத்தை விவரிக்க வேண்டியதில்லை. ஊர்க்காரர்கள் அதே கேள்விக்கு என்ன பதில் சொல்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் "இதோ, அங்கே வரைக்கும்" என்ற அளவில்தான் இருக்கும். இந்த விசாரிப்பில் உங்களுக்கு ஒரு நன்மையும் இருக்கிறது. நீங்கள் இரண்டு நாள் கண்ணில் படாவிட்டால் முதலில் தேடி வரப்போவதும் இவர்கள்தான்.

பணம் கேட்பவர்களைப் பற்றி. உங்களுக்குக் கிடைப்பது வாழ்க்கைச் செலவுக்கான படிதான், சம்பளம் அல்ல என்பது அவர்களுக்குத் தெரியாது. விமானத்தில் வந்தவர் கையில் பணம் இருக்கும் என்று நினைப்பதில் தப்பும் இல்லை. கடன் கொடுக்கக் கூடாது என்று உங்கள் அமைப்பில் விதி இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் அதைச் சொல்லியே மறுக்கலாம், இல்லாத விதியைச் சொல்லாதீர்கள். ஒருவருக்குக் கொடுத்தது மாலைக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிடும் என்பதால் கடன் என்ற பேச்சையே தவிர்ப்பது நல்லது. அதற்காகக் கையை இறுக மூடிக்கொண்டும் இருக்க வேண்டாம். கல்யாணம், சாவு, பள்ளிக்கூட வசூல் என்று ஊரே கொடுக்கிற இடங்கள் வரும். உங்கள் அலுவலகத்தில் உங்களுக்குச் சமமானவர் எவ்வளவு கொடுக்கிறார் என்று கேட்டு அதையே கொடுங்கள். கூடக் கொடுப்பதும் அங்கே ஒரு பிழைதான். நெருங்கிய ஒருவர் வீட்டில் குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்று வந்து நின்றால் என்ன செய்வது என்பதை நான் இங்கிருந்து சொல்ல முடியாது. கொடுப்பதென்று முடிவு செய்தால் திரும்பி வராது என்று நினைத்தே கொடுங்கள்.

வீடியோ அழைப்பைப் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை, ஆனாலும் சொல்கிறேன். மாலை இரண்டு மூன்று மணி நேரம் என்றால், ஊர் வெளியே வந்து உட்கார்ந்து பேசுகிற நேரம் முழுக்க நீங்கள் வேறொரு நாட்டில் இருக்கிறீர்கள். அன்றைக்கு நடந்த எரிச்சலையெல்லாம் வீட்டில் சொல்கிறீர்கள், அவர்கள் பயப்படுகிறார்கள், அந்தப் பயத்தையும் சேர்த்துச் சுமந்துகொண்டு படுக்கப் போகிறீர்கள். ஒரேயடியாக நிறுத்தினால் தாங்க மாட்டீர்கள். வாரத்தில் இரண்டு மூன்று நாள், நேரம் குறித்து, முக்கால் மணி நேரம் என்று கொண்டு வாருங்கள். மற்ற நாளில் ஒரு குரல் பதிவு அனுப்பினால் போதும். வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் போன் வராத முதல் நாளே தூதரகத்தைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

நகரத்துக்குப் போவதும் அப்படித்தான். உங்கள் நிலைமையைச் சொல்லாமலே புரிந்துகொள்ளும் ஆட்கள் அங்கே இருக்கிறார்கள், அது பெரிய விஷயம். ஆனால் எல்லா வாரமும் போனால் உங்கள் ஊரின் ஓய்வு நாளை, சந்தையை, வழிபாட்டை, விளையாட்டை நீங்கள் பார்த்ததே இல்லை என்று ஆகிறது. ஊரைச் சலிப்பான அலுவலக நாட்களில் மட்டுமே பார்த்துவிட்டு ஊர் பிடிக்கவில்லை என்கிறீர்கள். மூன்று வாரத்துக்கு ஒரு முறை போங்கள். இடையில் ஒரு முறை அவர்களை உங்கள் ஊருக்கு வரச் சொல்லுங்கள். வருகிறவர்களுக்கு ஊரைச் சுற்றிக்காட்டும்போது, உங்களுக்கே தெரியாமல் நீங்கள் எவ்வளவு கற்றிருக்கிறீர்கள் என்பது தெரியவரும்.

மொழி. அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்குப் போடும் கணக்குப்படி, ஆங்கிலம் பேசுகிற ஒருவர் ஸ்பானிஷ் மொழியில் வேலை பார்க்கும் அளவுக்குத் தேற 600 முதல் 750 வகுப்பு மணி நேரம் வேண்டும். சுவாகிலிக்குச் சுமார் 900, அரபு, சீனம், ஜப்பானியம் என்றால் 2,200. (நம் தமிழ் 1,100 மணி நேர வரிசையில் இருக்கிறது, அதைச் செலவில்லாமல் பெற்றவர்கள் நாம்.) ஏழு வாரத்தில் பேச வரவில்லை என்று உங்களை நொந்துகொள்வதற்கு இந்த எண்களில் இடமே இல்லை. தினமும் ஒரு மணி நேரம், ஊரில் ஒருவருக்குக் கூலி கொடுத்துப் படியுங்கள். பள்ளி ஆசிரியர்தான் வேண்டும் என்பதில்லை. பொறுமையும் ஓய்வு நேரமும் இருக்கிற யாரும் போதும். இலக்கணத்தைவிடப் பேரம் பேசுவது, மறுப்பது, நலம் விசாரிப்பது, மெதுவாகச் சொல்லுங்கள் என்று கேட்பது முதலில் வரட்டும்.

இவ்வளவு நேரம் நான் சொன்னதெல்லாம் அசௌகரியத்தைப் பற்றி. ஆபத்து வேறு, அதற்குப் பழகிக்கொள்ளத் தேவையில்லை. ஒருவர் உங்களைப் பின்தொடர்கிறார், அலுவலகத்தில் ஒருவர் வரம்பு மீறுகிறார், இரவில் வீட்டுத் தாழ்ப்பாளை நம்ப முடியவில்லை என்பதெல்லாம் இந்த ஊர் வழக்கம் போலிருக்கிறது என்று பொறுத்துப் போக வேண்டியவை அல்ல. அன்றே அமைப்பின் பாதுகாப்பு அலுவலரிடம் சொல்லுங்கள். அந்தப் பெரியம்மாவிடமும் சொல்லுங்கள். சாலையையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள். தன்னார்வலர்கள் பாம்பையும் கொசுவையும் நினைத்துப் பயப்படுகிறார்கள். ஆனால் நல்ல உடல்நிலையோடு வெளிநாடு போகிறவர்களின் உயிரை அதிகம் பறிப்பவற்றில் முன்னால் நிற்பது சாலை விபத்து. நான்கு மணி நேரப் பேருந்துப் பயணத்தை இருட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள். ஞாயிறு மாலைப் பேருந்தைக் காலைப் பேருந்தாக மாற்றுங்கள். தலைக்கவசம் இல்லாத மோட்டார் பைக்கின் பின்னால் ஏறாதீர்கள். அதில் ஏறுவதற்கே தடை போட்டிருக்கும் அமைப்புகளும் உண்டு.

மனநிலையில் இதே எச்சரிக்கை உண்டு. அழுகை வருவது, ஊர் நினைவு, எரிச்சல் இவை ஏழாவது வாரத்தில் எதிர்பார்க்கக்கூடியவை. ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்து தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, படுக்கையை விட்டு எழ முடியவில்லை, குடி கூடிக்கொண்டே போகிறது, அல்லது உயிரோடு இருந்து என்ன என்ற எண்ணம் ஒரு முறை வந்தால்கூட, அமைப்பின் மருத்துவரை உடனே கூப்பிடுங்கள். அதற்கு நடுராத்திரியும் பரவாயில்லை.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. தகுதியில்லாதவர் என்று நான் நினைக்கவில்லை. தகுதி என்பதை வைத்து முடிவு செய்ய வேண்டிய விஷயமும் இல்லை இது. உதவி கிடைக்காத வேலையில், நம்ப முடியாத பாதுகாப்பில், மோசமாகிக்கொண்டே போகும் உடல்நிலையில் இரண்டு ஆண்டைக் கழித்துக் காட்டுவதில் யாருக்கும் நன்மை இல்லை. ஒப்பந்தம் முடியும் முன் திரும்பியவர்கள் எல்லா அமைப்பிலும் இருக்கிறார்கள். ஆனால் இந்த முடிவை ஞாயிறு மாலைப் பேருந்தில் எடுக்காதீர்கள், இரவிலும் எடுக்காதீர்கள். ஆபத்து என்றால் காத்திருக்கவே வேண்டாம். அப்படி இல்லையென்றால் இன்றிலிருந்து எட்டு வாரம் தள்ளி ஒரு தேதி குறியுங்கள். அது வரை போவதா இருப்பதா என்று தினமும் மனத்துக்குள் வழக்காடுவதை ஒத்திவையுங்கள். அந்தத் தேதியில், காலையில், நன்றாகத் தூங்கி எழுந்தபின் முடிவு செய்யுங்கள்.

அதற்குள் ஒப்பந்தத்தில் முன்கூட்டியே விலகுவது பற்றிய பகுதியைப் படித்து வையுங்கள். எத்தனை நாள் முன்னறிவிப்பு, திரும்பும் விமானச் சீட்டு யார் செலவு, மருத்துவக் காப்பீடு எந்த நாளோடு முடிகிறது, உடல்நலக் காரணம் என்றால் விதி மாறுகிறதா என்று பாருங்கள். புரியாத இடத்தைத் திட்ட அலுவலரிடம் கேட்கலாம். கேட்பதாலேயே நீங்கள் விலகப் போவதாக அர்த்தமில்லை என்பது அவர்களுக்கும் தெரியும்.